எட்டாம் வகுப்புப் படிப்போடு ஆசிரியரானவர்: லிப்பிங் மா கணிதக் கல்வி பற்றி எழுத வந்த கதை

ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் எவ்வளவு?

விடை சொல்வது பெரிய வேலையில்லை. இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு எண்டு பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். 1¾ என்பது 7/4. அதை 2ஆல் பெருக்கினால் 7/2. அதாவது மூன்றரை. சரி. இப்போது அடுத்த கேள்வி: இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சின்னக் கதை சொல்லுங்கள். இவ்வளவு இருந்தது, இப்படிச் செய்தார்கள், மூன்றரை வந்தது எண்டு முடிகிற ஒரு வசனக் கணக்கு. வாசிக்கிறதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் முயன்று பாருங்கள்.

கன பேருக்கு முதலில் வருகிற கதை இது: ஒன்றேமுக்கால் பிட்சா இருந்தது, அதை இரண்டு பேர் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அரையால் வகுத்தல் இல்லை, இரண்டால் வகுத்தல். ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பிட்சாகூடக் கிடைக்காது. எட்டில் ஏழு பங்குதான் கிடைக்கும். எங்களுக்கு வரவேண்டியதோ மூன்றரை.

1989ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், சீனாவிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு மாணவி இந்தக் கேள்விக்கு அமெரிக்க ஆசிரியர்கள் சொன்ன பதில்களை வாசித்துக்கொண்டிருந்தார். அது அவர் தேடிப்போன ஆய்வில்லை. பட்டப்பின் படிப்புக்கு வருகிற வெளிநாட்டு மாணவர்கள் பலரைப் போல அவருக்கும் ஒரு உதவியாளர் வேலை தேவைப்பட்டது. கொடுத்த வேலை, ஆசிரியர்களின் நேர்காணல் எழுத்துப்படிகளை வாசித்து அவற்றை வகைப்படுத்திக் குறியிடுவது. அந்தப் பதில்களில் பிட்சாக் கதை திரும்பத் திரும்ப வந்தது. அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் ஒன்றாக நினைத்தவர்கள், பட்டம் பெற்ற, பெறப்போகிற ஆசிரியர்கள்.

அந்த மாணவி லிப்பிங் மா. அந்த உதவியாளர் வேலையிலிருந்து பத்து வருடம் கழித்து, 1999இல், ‘ஆரம்பக் கணிதத்தை அறிதலும் கற்பித்தலும்’ என்று தமிழில் சொல்லக்கூடிய தலைப்பில் அவருடைய ஆங்கிலப் புத்தகம் வந்தது. ஆசிரியர் கல்வி பற்றிப் பேசுகிற இடங்களில் இன்றும் அந்தப் புத்தகம் இல்லாமல் பேச்சு நகராது. அவர் அந்தப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்த பாதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அந்தப் பாதை தெரிந்தால், அந்தப் பதில்களில் மற்றவர்கள் கவனியாத ஒன்றை அவர் ஏன் கவனித்தார் என்பதும் விளங்கும்.

ஷங்காயிலிருந்து மலைக்கு

லிப்பிங் மா ஷங்காய் நகரத்துப் பிள்ளை. அவர் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது கலாசாரப் புரட்சி அந்தப் படிப்பை நிறுத்திவிட்டது. 1966இல் மாவோ தொடங்கிவைத்த அந்தக் கொந்தளிப்பில் பள்ளிகள் மூடப்பட்டன, ஆசிரியர்கள் அவமானப்படுத்தப்பட்டார்கள், பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையே இல்லாமல் போனது. 1968 டிசம்பரில், நகரத்து இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் ‘மறுகல்வி’ பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த பத்து வருடங்களில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இப்படி அனுப்பப்பட்டார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் மா. அவருக்குக் கிடைத்தது தென் சீனாவின் மலைப்பகுதியில் ஒரு ஏழைக் கிராமம்.

வயலில் சில மாதம் வேலை செய்த பிறகு கிராமத்துத் தலைவர் அவரிடம் வந்து, எங்கட பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாயா எண்டு கேட்டார். எட்டு வருடப் பள்ளிப்படிப்பு உள்ள ஒரு பதின்ம வயதுப் பெண் அந்தக் கிராமத்துக்குப் படித்த ஆள்தான். பயிற்சி இல்லை, வழிகாட்ட மூத்த ஆசிரியர் இல்லை. அடுத்த ஏழு வருடங்களில் அந்தப் பள்ளியின் ஐந்து வகுப்புகளுக்கும் அவர் படிப்பித்தார், பிறகு அதன் அதிபரும் ஆனார். சில வருடங்கள் போக, அந்த மாவட்டம் முழுவதன் ஆரம்பப் பள்ளிகளுக்கும் பொறுப்பான அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். ‘கலாசாரப் புரட்சிதான் அவரை ஆசிரியராக்கியது’ எண்டு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த வரியைப் பாராட்டாக மாற்றிவிடக் கூடாது. கோடிக்கணக்கானவர்களின் படிப்பை அறுத்தெறிந்த ஒரு கொள்கை அது. பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை திரும்ப வந்தது 1977 டிசம்பரில்தான். அதற்குள் பலருக்கு வயது போய்விட்டது, குடும்பம் ஆகிவிட்டது, ஆசையும் விட்டுப்போயிருந்தது. திரும்பி வந்து எழுதியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதினால், திரும்பி வராதவர்கள் காணாமல் போய்விடுவார்கள். எங்கட நாட்டிலும் போரும் இடப்பெயர்வும் எத்தனையோ பேரின் படிப்பை அறுத்திருக்கின்றன. ‘கஷ்டம்தான் ஆளை உருவாக்கும்’ எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை.

இருந்தாலும் அந்த ஏழு வருடங்கள் மாவுக்கு ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, ‘மேல் வகுப்பில் இது விளங்கும்’ எண்டு சமாளிக்க முடியாது. அவருக்கே மேல் வகுப்பு எண்டு பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கையில் இருந்த சின்னக் கணிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும்.

வாசிப்பு, பிறகு கடல் கடந்து

ஷங்காய்க்குத் திரும்பிய மா, தான் இத்தனை காலம் செய்த வேலை என்ன என்று அறிகிற ஆவலோடு வந்தார். அங்கே ஒரு பேராசிரியர் அவருக்கு வழிகாட்டினார். கொன்பூசியஸ், பிளேட்டோ, ரூசோ, பியாஜே, விகோட்ஸ்கி என்று கல்வி பற்றிய பெரிய எழுத்துகளை அவர் வாசித்தது அந்த நாட்களில்தான். பிறகு கிழக்குச் சீன ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். இந்த வரிசையைக் கவனியுங்கள். எங்களில் பலர் முதலில் கோட்பாடு படிக்கிறோம், பிறகுதான் வகுப்பறைக்குள் போகிறோம். அவருக்கு அது தலைகீழாக நடந்தது. பியாஜேயை வாசிக்கும்போது அவர் மனதில் ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தார்கள்.

1988 இறுதியில் அவர் அமெரிக்கா வந்து சேர்ந்தார். மிச்சிகனில் அவர் சேர்ந்த இடம் ஆசிரியர் கல்வி ஆய்வுக்குப் பெயர்போனது. ஆசிரியர்களிடம் கேட்கப்பட்ட அந்தக் கணிதக் கேள்விகளை உருவாக்கிய டெபோரா போல், பின்னாளில் கணிதக் கல்வியில் மிகப் பெரிய பெயராக ஆனவர். ஆக, கேள்விகளும் பதில்களும் அங்கேயே தயாராக இருந்தன. அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றை ஏற்கெனவே வாசித்திருந்தார்கள்; ஆசிரியர்களின் கணித அறிவில் ஓட்டை இருக்கிறது எண்டும் கண்டிருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்தவர் கூடுதலாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இதையே சீன ஆசிரியர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்?

அந்தக் கேள்வி வருவதற்கு, ‘ஆரம்பப் பள்ளி ஆசிரியர் என்றால் இப்படித்தான் இருப்பார்’ என்பதற்கு வேறொரு படம் மனதில் இருக்க வேண்டும். மாவிடம் அது இருந்தது. அவருக்குத் தெரிந்த சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்பு வரை படித்து, பிறகு இரண்டு மூன்று வருடம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்தவர்கள். மொத்தம் பதினொன்று, பன்னிரண்டு வருடக் கல்வி. அமெரிக்க ஆசிரியர்களோ பதினாறு வருடத்துக்குக் குறையாமல் படித்தவர்கள். சர்வதேச ஒப்பீடுகளில் சீன மாணவர்கள் கணக்கில் முன்னுக்கு நிற்கிறார்கள். அப்படியானால் குறைவாகப் படித்த ஆசிரியர்களிடம் கூடுதலாகக் கற்கிற பிள்ளைகள் எப்படி வருகிறார்கள்? இந்த முரண்தான் அவருடைய ஆய்வின் தொடக்கம்.

கேள்விகளைச் சீன மொழிக்குக் கொண்டுபோய் அவர் ஐந்து பள்ளிகளைச் சேர்ந்த 72 ஆசிரியர்களைச் சந்தித்தார். நல்ல பெயருள்ள பள்ளியும் இருந்தது, மிகப் பின்தங்கியதும் இருந்தது. மறுபக்கம் 23 அமெரிக்க ஆசிரியர்களின் பதில்கள். இடையில் மிச்சிகனிலிருந்து கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே லீ ஷுல்மன் அவருடைய வழிகாட்டி. 1996இல் கலாநிதி ஆய்வு முடிந்தது. பிறகு பேர்க்லியில் அலன் ஷோன்ஃபெல்டோடு வேலை செய்தபோது ஆய்வு புத்தகமாக மாறியது.

இதே ஸ்டான்போர்டில் முன்பும் ஒரு புலம்பெயர்ந்தவர் கணிதம் கற்பித்தல் பற்றி எழுதியிருக்கிறார். ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் போலியா 1940இல் ஐரோப்பாவை விட்டு வந்தவர். கணக்கை எப்படித் தீர்ப்பது என்பது பற்றிய அவருடைய புகழ்பெற்ற சிறிய புத்தகம் 1945இல் வந்தது. ஆனால் போலியா அமெரிக்கா வரும்போதே உலகம் அறிந்த கணிதவியலாளர். மா கணிதவியலாளர் இல்லை. கணிதத்தில் அவருக்குப் பட்டமும் இல்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக அவர் எழுத வந்தார், அதுவும் இரண்டாம் மொழியில்.

அவர் கண்டது

புத்தகத்தில் கேள்விகள் நாலே நாலு. பத்தைப் பிரித்துக் கழித்தல், பல இலக்கப் பெருக்கல், பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தல், சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் உள்ள உறவு. அவ்வளவுதான். 

பின்னக் கணக்கைச் செய்ய முயன்ற 21 அமெரிக்க ஆசிரியர்களில் சரியான முழு விடைக்கு வந்தவர்கள் 9 பேர். பொருந்துகிற கதை சொன்னவர் 23 பேரில் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகச் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பேர் பொருந்துகிற கதையும் சொன்னார்கள், சிலர் ஒன்றுக்கு மேல்.

அவர்கள் சொன்ன கதைகள் மூன்று வகை. முதல் வகை நாங்கள் ஓரளவு எதிர்பார்க்கக்கூடியது: ஒரு நாளைக்கு அரைக் கிலோமீற்றர் வீதி போடுகிறார்கள், ஒன்றேமுக்கால் கிலோமீற்றர் போட எத்தனை நாள்? மூன்றரை நாள். இரண்டாவது வகை ஒரு பொருளின் பாதியிலிருந்து தொடங்கும்: ஒரு கயிற்றின் பாதி ஒன்றேமுக்கால் மீற்றர் எண்டால் முழுக் கயிறு எவ்வளவு? மூன்றரை மீற்றர். மூன்றாவது வகை: ஒரு செவ்வகத்தின் பரப்பளவு ஒன்றேமுக்கால், ஒரு பக்கம் அரை, மற்றப் பக்கம் எவ்வளவு? இதற்கும் மூன்றரை.

சீன ஆசிரியர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். பாதி தெரிந்தால் முழுமையைக் காண என்ன செய்வோம்? இரண்டால் பெருக்குவோம். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ எண்டு நாங்கள் பாடமாக்கிய விதி ஏன் வேலை செய்கிறது என்பது அந்தக் கயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 

கழித்தலிலும் இப்படித்தான். 52இலிருந்து 25ஐக் கழிக்கும்போது ‘இரண்டில் ஐந்து போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ எண்டு சொல்லித் தருவது அமெரிக்காவிலும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. மா அதை நிறுத்தி விசாரிக்கிறார். இரண்டில் ஐந்து போகாதா? எதிர் எண்களைப் படிக்கும்போது பிள்ளை அதையே செய்யத்தானே போகிறது. பக்கத்து வீடா? 52இல் உள்ள ஐந்தும் இரண்டும் அயலவர்கள் இல்லை, ஒரே எண்ணின் பகுதிகள். கடனா? கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? சீன ஆசிரியர்கள் பலர் இதை வேறு விதமாகச் சொன்னார்கள்: ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குகிறோம். சாப்பாட்டுக் கடைக்காரர் ஆயிரம் ரூபாய்த் தாளை மாற்றுகிற மாதிரி. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாளைக்குத் தசமமும் பின்னமும் வரும்போது ‘பிரித்தல்’ கூட வரும், ‘கடன்’ வராது.

இப்படியான அறிவுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘அடிப்படைக் கணிதத்தின் ஆழ்ந்த விளக்கம்’ எனலாம். ஒரு தலைப்பு தனித்து நிற்பதில்லை, முன்னும் பின்னும் உள்ள தலைப்புகளோடு முடிச்சுப் போட்டு ஒரு பொதியாக ஆசிரியர் மனதில் இருக்கிறது என்பது அவருடைய விளக்கம். ஒரு ஊரை நன்றாகத் தெரிந்த டக்ஸிச் சாரதியோடு அதை அவர் ஒப்பிடுகிறார். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வீட்டிலிருந்து வேலைக்குப் போக ஒரு பாதை தெரியும், அது அடைபட்டால் நிற்க வேண்டியதுதான். சாரதிக்கு எந்த இடத்திலிருந்தும் எந்த இடத்துக்கும் பாதை தெரியும். ஊருக்குப் புதியவர் என்றால் என்னவென்று மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்த அறிவு எங்கிருந்து வருகிறது

புத்தகத்தில் எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதி, சீன ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள் என்ற முடிவு இல்லை. 72 பேரிலும் அந்த ஆழ்ந்த விளக்கம் முழுமையாக இருந்தவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். அவர்கள் அதை எங்கே பெற்றார்கள் என்று மா தேடினார். ஷங்காயில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடமும், ஆசிரியர் பயிற்சியில் இருந்த மாணவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். இரு தரப்பும் கணக்கை நன்றாகவே செய்தன. ஆனால் அந்த ஆழம் இரு தரப்பிலும் இருக்கவில்லை. ஆக அது பள்ளியிலிருந்து வரவில்லை, பயிற்சிக் கல்லூரியிலிருந்தும் வரவில்லை. படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் வந்திருக்கிறது.

எப்படி? மா காட்டுவது மிகச் சாதாரணமான காரணங்களை. அந்த ஆசிரியர்கள் கணக்கு மட்டும் படிப்பித்தார்கள், ஒரு நாளைக்கு 45 நிமிடப் பாடம் மூன்றோ நாலோ. மிச்ச நேரத்தில் மேசைகள் போட்ட ஒரு பொது அறையில் மற்ற ஆசிரியர்களோடு இருந்து கொப்பி திருத்தினார்கள், பாடநூலை வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். இந்தக் கணக்கை ஏன் முதலில் வைத்திருக்கிறார்கள், அந்த உதாரணத்தில் ஏன் இந்த எண்? ஒரு பிள்ளை வித்தியாசமாக ஒரு வழி சொன்னால் அதை அறைக்குக் கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள். அமெரிக்க ஆரம்பப் பள்ளி ஆசிரியரோ காலை முதல் பின்னேரம் வரை எல்லாப் பாடமும் தனியே எடுத்தார். யோசிக்க நேரமும் இல்லை, கூட இருந்து யோசிக்க ஆளும் இல்லை. அதனால் மா அமெரிக்க ஆசிரியர்களைக் குறை சொல்லி எழுதவில்லை. அவர்கள் வேலை செய்கிற விதம் அவர்களைக் கற்க விடவில்லை என்று எழுதினார்.

மலைக் கிராமத்தில் தனியே ஐந்து வகுப்புக்கும் படிப்பித்தவருக்கு, தனியே இருப்பது என்ன, கூட்டாக இருப்பது என்ன எண்டு இரண்டும் தெரியும். மேலிருந்து ஆசிரியரைப் பார்க்கும் ஆய்வாளரின் குரல் அந்தப் புத்தகத்தில் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு பக்கமும் வாசித்த புத்தகம்

1999 அமெரிக்காவில் ‘கணிதப் போர்’ உச்சத்தில் இருந்த வருடம். பிள்ளைகள் தாங்களே யோசித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்ன சீர்திருத்தக்காரர்கள் ஒருபுறம். கணக்குச் செய்யும் திறனையே கைவிட்டுவிட்டீர்கள் என்று கோபப்பட்ட கணிதவியலாளர்களும் பெற்றோரும் மறுபுறம். அந்த வருட நவம்பரில், அரசு பரிந்துரைத்த பாடத்திட்டங்களை எதிர்த்து இருநூறு வரையான அறிஞர்கள் கையெழுத்திட்ட கடிதம் வொஷிங்டன் போஸ்ட்டில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. அவ்வளவு சூடு.

அந்தச் சூட்டுக்குள் மாவின் புத்தகத்தை இரண்டு பக்கமும் புகழ்ந்தன. அச்சாக முன்பே கைப்பிரதிகள் கைமாறின. கணிதவியலாளர்களுக்கு அது ‘ஆசிரியருக்குக் கணிதம் தெரிய வேண்டும்’ எண்டு சொன்ன புத்தகம். சீர்திருத்தக்காரர்களுக்கு அது ‘விதியைப் பாடமாக்கினால் போதாது, விளக்கம் வேண்டும்’ எண்டு சொன்ன புத்தகம். அந்தச் சண்டையின் வரலாறு தன்னுடையதாக இல்லாத ஒருவர் எழுதியதால்தான் இரண்டு பேராலும் அதை வாசிக்க முடிந்தது என்று எங்களுக்குப் படுகிறது. கணக்குச் செய்யும் திறனும் விளக்கமும் எதிரிகள் என்ற எண்ணமே அவருடைய சீன ஆசிரியர்களிடம் இருக்கவில்லை. பிறகு 2006இல் அமைக்கப்பட்ட அமெரிக்கத் தேசியக் கணித ஆலோசனைக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

புத்தகத்தைக் கேள்வி இல்லாமல் ஏற்க வேண்டும் என்றில்லை. 23 பேரும் 72 பேரும் இரண்டு பெரிய நாடுகளுக்குப் பிரதிநிதிகள் ஆக முடியாது. ஆசிரியருக்கு ஆழ்ந்த விளக்கம் இருந்தால் மாணவர் எவ்வளவு கூடுதலாகக் கற்கிறார் என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை. கணக்குக்கு மட்டும் என்று இருக்கிற ஆசிரியரையும், எல்லாப் பாடமும் எடுப்பவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்றும் கேட்கலாம். ‘சீனா மேல், அமெரிக்கா கீழ்’ எண்டு புத்தகத்தைச் சுருக்கியவர்களும் இருந்தார்கள். அப்படிச் சுருக்கினால் ஆசிரியர் அறை பற்றிய அந்தப் பகுதிதான் முதலில் தொலைந்துபோகும்.

எங்களுக்கு இதில் என்ன?

கலைப்பீடத்துக்கு வந்த எங்களில் அனேகருக்குக் கணக்கோடு இருந்த உறவு சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்துவிட்டது. ‘இனி இந்தச் சனியன் இல்லை’ எண்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களும் இருக்கிறோம். ஆனால் பட்டம் முடித்தபின் எங்களில் கணிசமானோர் போய்ச் சேரப்போவது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான். வரலாறோ, தமிழோ, புவியியலோ படிப்பிப்போம். ஆள் இல்லாத பள்ளியில் கணக்கும் படிப்பிக்கச் சொல்லுவார்கள். அப்போது கையில் ஒரு பட்டம் இருக்கும். மா எங்களைத் தொந்தரவு செய்வது அங்கேதான். அந்தப் பட்டம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் ‘ஏன்?’ என்ற கேள்விக்குத் தானாகப் பதில் தராது.

இதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. அந்த அறிவு பிறவியில் வருவதில்லை, பெரிய பல்கலைக்கழகத்தில் மட்டும் கிடைப்பதும் இல்லை. ஆசிரியர்கள் கூடி இருந்து ஒரு கணக்கைப் பற்றிப் பேச ஒரு அறையும் நேரமும் இருந்தால் அது வளரும். எங்கட பள்ளிகளில் ஆசிரியர் ஓய்வறைகள் இருக்கின்றன. அங்கே பாடநூலை வைத்துக்கொண்டு ‘இதை நீங்கள் எப்படிச் சொல்லிக் குடுக்கிறீங்கள் ரீச்சர்?’ எண்டு ஒரு இளம் ஆசிரியர் வெட்கப்படாமல் கேட்கக்கூடிய நிலை இருக்கிறதா? பயிற்சிப் பட்டறைகளையும் சுற்றறிக்கைகளையும் பற்றிப் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆசிரியரின் நேரம் எதில் போகிறது என்று கேட்காமல் ஆசிரியரின் தரம் பற்றி மட்டும் பேசுவது நேர்மையில்லை என்பதே இந்தப் புத்தகத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிற முதல் பாடம்.

இரண்டாவது, எழுதுவது பற்றியது. ஆரம்பப் பள்ளிக் கணக்கு ‘சின்ன’ விசயம் எண்டு ஆய்வாளர்கள் பலர் ஒதுக்கிவைத்திருந்த இடத்தில்தான் மாவின் புத்தகம் பிறந்தது. கழித்தல், பெருக்கல், வகுத்தல், ஒரு செவ்வகம். அதை எழுதியவரிடம் இருந்தது வகுப்பறையில் கழிந்த ஏழு வருடம், இரண்டு நாடுகளைப் பார்த்த கண், பிழைப்புக்காக எடுத்த ஒரு உதவியாளர் வேலையில் கவனமாக வாசித்த பழக்கம். எங்களிடையேயும் தொண்டர் ஆசிரியர்களாக வருடக்கணக்கில் படிப்பித்தவர்கள், முன்பள்ளி ரீச்சர்மார், பின்னேரம் அயல் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிற அக்காமார் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு எந்த இடத்தில் கணக்குப் பிடிபடாமல் போகிறது எண்டு அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை அறிவு என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை, எழுதச் சொல்லிக் கேட்பதும் இல்லை.

கேட்கலாம். அப்படி எழுதத் தெரிந்தவர்கள் யாரும் உங்கள் ஊரில் இருந்தால், ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கிற கணக்குக்கு அவர்கள் என்ன கதை சொல்லுவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.